தமிழ்99: விரல் விரலாக ஒரு கணக்கு

ஸ்ப்ளிட் கீபோர்டு வாங்குகிற எல்லாரும் முதல் மாசத்துக்குள்ள கேட்கிற கேள்வி ஒண்ணுதான். கீபோர்டை ரெண்டாப் பிளந்தாச்சு, கை தோள் அகலத்துக்கு விரிஞ்சாச்சு, இனிமேலும் க்வெர்ட்டியிலேயே அடிக்கணுமா? வேற லேஅவுட் எது நல்லது? பதிலும் தயாரா இருக்கும்: டிவோரக், கோல்மேக், வொர்க்மேன். இந்தப் பட்டியல் வருஷா வருஷம் நீண்டுக்கிட்டே போகுது.

தமிழ்ல எழுதுகிற ஒருத்தருக்கு இந்தப் பட்டியலால பெரிசா பிரயோஜனம் இல்ல என்பதுதான் என் கட்சி. இதெல்லாம் ஆங்கிலச் சொற்களை எண்ணிப் பார்த்துச் செஞ்ச லேஅவுட். நமக்குக் கைவசம் வேறொண்ணு இருக்கு. அது 1999-லேயே தரமாயிடுச்சு, எல்லா முக்கியமான இயங்குதளத்திலும் கூடவே வருது, ஆனா நம்மில் பாதிப் பேர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அந்தத் தமிழ்99-ஐ ஸ்ப்ளிட் கீபோர்டில் வெச்சு எடைபோடுவதுதான் இந்தக் குறிப்பு. பாராட்டும் உண்டு, குறையும் உண்டு. குறையைச் சரிபண்ண ஒரு வழியும் சொல்றேன்.

நம்ம முன்னால இருக்கிற நாலு வழி

முதலாவது தட்டச்சுப் பொறியின் லேஅவுட். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த காலத்திலிருந்து வருகிற மரபு. நாகர்கோவிலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவங்களுக்கு ‘யளனகப’ என்கிற நடு வரிசை இன்னும் விரலில் இருக்கும். பாமினி எழுத்துருவும் அந்த வழிதான். அதில் ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்கணும். இரும்புக் கம்பி காகிதத்தில் அடிச்ச காலத்துக்கு அது சரி. யூனிகோடுக்கு அந்த வரிசை தேவையே இல்லை.

ரெண்டாவது இன்ஸ்கிரிப்ட். எல்லா இந்திய மொழிக்கும் ஒரே சட்டகம், ஒரே ஒலிக்கு ஒரே விசை. எங்க மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் மலையாளமும் தமிழும் எழுதுகிறவங்களுக்கு இது நல்ல வசதி. ஒண்ணைப் படிச்சா ரெண்டும் வந்துரும். ஆனா வர்க்க எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்கள் தமிழில் காலியாகவோ வேறெதையோ போட்டு நிரப்பியோ கிடக்கும். சொல்லின் முதலில் வருகிற உயிருக்கு ஷிஃப்ட் வேற.

மூணாவது ஒலிபெயர்ப்பு. முரசு அஞ்சலில் தொடங்கி கூகுள் வரைக்கும் பெரும்பாலானவர்கள் அடிப்பது இதைத்தான். ஆங்கில எழுத்தில் அடிச்சா தமிழ் வரும். 2013-ல் தமிழை ஆங்கில எழுத்துருவில் எழுதலாமே என்று ஜெயமோகன் தி இந்து தமிழ் நாளிதழில் எழுதியபோது பெரிய சண்டையே நடந்தது. சண்டை போட்டவங்க பலரும் அந்த மறுப்பை ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் அடிச்சிருப்பாங்க என்று நினைக்கிறேன். கண் தமிழைப் பார்க்குது, விரல் ஆங்கிலத்தை எழுதுது.

நாலாவதுதான் தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டில் பேசி முடிவாகி, அதே ஆண்டில் தமிழக அரசின் தரமானது.

ஒரு வாக்கியத்தை எண்ணிப் பார்ப்போம்

கோட்பாடு பேசுமுன்னால ஒரு சாதாரண வாக்கியம்: ‘நாகர்கோவிலில் நேற்று சாயங்காலம் நல்ல மழை பெய்தது’. இடைவெளியை விட்டுட்டு எண்ணினால் தமிழ்99-ல் 41 தட்டல். ஷிஃப்ட் ஒரு தடவைகூட இல்லை. இதையே ஒலிபெயர்ப்பில், நெடிலுக்குப் பெரிய எழுத்து போடும் முறையில் அடிச்சா 47 தட்டல், அதில் 7 எழுத்துக்கு ஷிஃப்ட்.

6 தட்டல் மிச்சம் என்பது பெரிய விஷயமில்லை. பார்க்க வேண்டியது கை மாறுவதை. இந்த வாக்கியத்தில் ஒரு சொல்லுக்குள் ஒரு தட்டலிலிருந்து அடுத்ததுக்குப் போகிற இடம் 35. அதில் 27 இடத்தில் கை மாறுது. வலது கை க போடும்போதே இடது கை ஓ மேல தயாராப் போய் நிக்கும். டிவோரக் 1936-ல் காப்புரிமை வாங்கியபோது உயிரெழுத்துகளை இடது நடு வரிசையில் வரிசையா வெச்சதே இந்தக் கை மாறலுக்காகத்தான். ஆனா ஆங்கிலத்தில் மெய் மேல் மெய் அடுக்கடுக்கா வரும். தமிழ் உயிர்மெய்யால் ஆன மொழி. மெய் வலது, உயிர் இடது என்று பிரிச்சாலே எழுத்தமைப்பே கையை மாத்திக் குடுத்துரும்.

சாய்வு போனதும் தெரிகிற அழகு

சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் சாஞ்சு நிக்கும். பழைய தட்டச்சுப் பொறியின் கம்பிகள் ஒண்ணோடொண்ணு இடிக்காமல் போக வேண்டியிருந்ததால வந்த சாய்வு அது. நல்ல ஸ்ப்ளிட் கீபோர்டுகளில் விசைகள் விரலுக்கு நேராச் செங்குத்து வரிசையில் இருக்கும். அதில் தமிழ்99-ஐ வெச்சுப் பாருங்க.

இடது கையில் நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. அதாவது குறிலுக்கு நேர் மேல நெடில். ஒரே விரலை ஒரு படி நீட்டினா போதும். கீழ் வரிசையில் ஔ, ஓ, ஒ, பிறகு வ, ங. மொத்தம் 15 எழுத்து, 15 இடம். மூணு வரிசை, அஞ்சு பத்தி உள்ள மிகச் சின்ன ஸ்ப்ளிட் கீபோர்டில்கூட இடது பாதி அச்சாப் பொருந்துது. தமிழில் அடிக்கடி வருகிற புள்ளிக்கு ஆட்காட்டி விரல் ஓய்வாக உட்கார்ந்திருக்கிற இடமே கிடைச்சிருக்கு. அபூர்வமான ஔவுக்குச் சுண்டுவிரல் மூலை.

வலது கையில் இன்னொண்ணு. வல்லினமும் அதன் இன மெல்லினமும் பக்கத்துப் பக்கத்தில்: ப–ம, த–ந, ற–ன, ட–ண, ச–ஞ. எல்லாத்திலும் மெல்லினம் வெளிப்பக்கம், வல்லினம் உள்பக்கம். ம்ப, ந்த, ன்ற, ண்ட என்று வரும்போது விரல் வெளியிலிருந்து உள்ளே உருண்டு வரும். மேசை மேல விரலால் தாளம் போடும்போது சுண்டுவிரலில் தொடங்கி ஆட்காட்டியில் முடிப்போமே, அதே அசைவு. நடுவில் புள்ளியும் தானே விழுந்துரும். ங்க மட்டும் இடதும் வலதுமா கை மாறும். இந்த ‘உள் உருளல்’ கிடைக்கணும்னுதான் இன்னிக்கு ஆங்கில லேஅவுட் செய்கிறவங்க மெனக்கெடுறாங்க. நமக்கு அது இலக்கணத்தின் இனஎழுத்து முறையிலிருந்தே வந்துருச்சு.

குறைகள்

இனி விமர்சனம். வலது கைக்குரிய மெய்கள் 16. விரல் வாரியாப் பிரிச்சா இப்படி வருது:

ஆட்காட்டி: க, ப, ள, ற, ல, ர — 6
நடுவிரல்: ம, ன — 2
மோதிர விரல்: த, ட — 2
சுண்டுவிரல்: ந, ண, ழ, ய, ச, ஞ — 6

பலமான நடுவிரலுக்கு ரெண்டு, பலவீனமான சுண்டுவிரலுக்கு ஆறு. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே உள்ள இடங்களைக் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் அப்படியே விட்டதுதான் காரணம். ஆங்கில விசையின் நிறுத்தக்குறிகளை நகர்த்தக் கூடாது என்கிற மரியாதைக்குச் சுண்டுவிரல் விலை கொடுக்குது. ஞ அபூர்வம், போகட்டும். ய, ச அப்படியில்லை. செய், சொல், பெய், ஆகிய, பெரிய, சிறிய... ஒரு பத்தி எழுதுவதற்குள் எத்தனை தடவை அந்த ஓரத்துக்குப் போகணும்! மேலே எண்ணின வாக்கியத்தில் வலது கையின் 23 தட்டலில் 7 சுண்டுவிரலுக்கு. அதில் 3 எட்டிப்பிடிக்கிற ஓரத்தில்.

பகலெல்லாம் நிரல், ராத்திரி கல்வெட்டுக் குறிப்பு என்று அடிக்கிற எனக்கு வலது சுண்டுவிரலிலிருந்து முழங்கை வரைக்கும் ஓர் இழுப்பு வர ஆரம்பிச்ச பிறகுதான் இந்தக் கணக்கையே போட்டேன். சரியான லேஅவுட் என்பது அதுக்கப்புறம் எனக்குப் பொழுதுபோக்கு இல்லை.

ரெண்டாவது குறை, அகரம். தமிழ்99-ல் மெய்யோடு சேர்ந்த அ-வை அடிக்கத் தேவையில்லை. அது லாபம். ஆனா அந்த இடத்தில் கை மாறாது. மெய்யும் மெய்யும் ஒரே கையில் தொடர்ந்து வரும். மோசமான உதாரணம் நம்ம பன்மை விகுதி ‘கள்’. க-வும் ள-வும் ஒரே ஆட்காட்டி விரல். அவர்கள், நாங்கள், மக்கள், பெண்கள் — ஒவ்வொரு பன்மைக்கும் ஒரே விரல் க-விலிருந்து ள-வுக்குத் தாவணும்.

மூணாவது, வ. மெய்களில் அதுவும் ங-வும் மட்டும் இடது கைக்கு வந்திருக்கு. ங-வுக்குப் பின்னால பெரும்பாலும் க வரும், அதனால பிரச்சினை இல்லை. வ-வுக்குப் பின்னால எ, ஏ, ஐ, புள்ளி எது வந்தாலும் அதே இடது ஆட்காட்டி விரல்தான். வேண்டும், வேலை, வெளி, தேவை, அவை. நாம் அதிகம் எழுதுகிற சொற்களில் பல இங்கேதான் தடுக்குது. ‘எவ்வளவு’ என்று அடிச்சுப் பாருங்க, இடது ஆட்காட்டி மட்டும் நாலு தட்டல்.

நாலாவது, தானே விழுகிற புள்ளி. ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதலாவதுக்குப் புள்ளி விழும்: க்க, ற்று, ல்ல. அருமையான விதி. ஆனா ‘ததும்பு’, ‘மமதை’, ‘பெய்தது’ மாதிரி சொற்களில் நடுவில் அ-வை அடிச்சு அதைத் தடுக்கணும். பழகினால் கை தானே செய்யும், அதனால இதைச் சின்னக் குறை என்றே வைக்கிறேன்.

பிளவு கீபோர்டில் வருகிற சிக்கல்

கோர்ன் மாதிரி 42 விசை உள்ள கீபோர்டில் ஒரு பக்கத்துக்கு மூணு வரிசை, ஆறு பத்தி, கட்டைவிரலுக்கு மூணு விசை. தமிழ்99-ன் வலது மேல் வரிசைக்கு ஏழு பத்தி வேணும்: ள, ற, ன, ட, ண, ச, ஞ. ஞ-வுக்கு இடம் இல்லை. 36 விசைக் கீபோர்டில் பத்தி அஞ்சுதான். ய, ச, ஞ மூணுமே வெளியே. இதைப் பார்த்துட்டு ‘தமிழ்99 ஸ்ப்ளிட்டுக்கு ஆகாது’ என்று ஒலிபெயர்ப்புக்கே திரும்பிப் போறவங்க உண்டு. அது அவசர முடிவு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும். விசையைத் தட்டினா கீபோர்டு அனுப்புவது எழுத்து இல்லை, ஓர் எண். அந்த எண் தமிழ்99-ல் எந்த எழுத்து என்பதைத் தீர்மானிப்பது கணினி. எந்த விசை எந்த எண்ணை அனுப்பணும் என்பதை க்யூஎம்கே, இசட்எம்கே மாதிரி நிலைபொருளில் நாமே எழுதலாம். ஆக, தமிழ்99 என்கிற தரத்தைத் தொடாமலேயே ச-வின் இடத்தை மட்டும் நகர்த்தலாம்.

புது லேஅவுட் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் இதுதான் காரணம். தொண்ணூறுகளில் ஆளாளுக்கு ஓர் எழுத்துரு, ஓர் குறியாக்கம், ஓர் விசை வரிசை என்று கிடந்தோம். ஒருத்தர் அனுப்பியதை இன்னொருத்தர் திறந்தா கோழி கிண்டினது மாதிரி இருக்கும். அதிலிருந்து ஏறி வந்து ஒரு தரத்தில் நின்னுருக்கோம். ஆட்காட்டி விரலுக்கு ரெண்டு எழுத்து கூடிப்போச்சு என்பதற்காக ‘தமிழ்25’ என்று யாராவது தொடங்கினா, அந்தக் காட்டுக்குள்ளேயே மறுபடி போவோம்.

என் கீபோர்டில் நகர்த்தியது மூணே எழுத்து:

ய — நடுவிரலுக்குக் கீழே, காற்புள்ளி இருந்த இடத்துக்கு.
ச — மோதிர விரலுக்குக் கீழே, முற்றுப்புள்ளி இருந்த இடத்துக்கு.
ஞ — ஆறாவது பத்தியின் கீழ் விசைக்கு, ழ-வுக்கு வெளியே.

காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஆறாவது பத்தியின் மேல் ரெண்டு விசைக்குப் போயாச்சு. அழிக்கிற விசை கட்டைவிரலுக்கு. இப்போ கணக்கு ஆட்காட்டி 6, நடு 3, மோதிரம் 3, சுண்டு 4. ஞ்ச முன்னால சுண்டுவிரலின் ரெண்டு தாவலா இருந்தது. இப்போ அதுவும் மத்த இனஎழுத்து மாதிரி வெளியிலிருந்து உள்ளே உருளுது. 36 விசைக்காரங்க ஞ-வையும் நிறுத்தக்குறிகளையும் ரெண்டு விசையைச் சேர்த்து அழுத்தும் முறையில் வெச்சுக்கலாம். ‘கள்’ தாவலை நான் தொடவில்லை. ள-வை நகர்த்தினா இன்னொரு எழுத்து அங்கே வந்தாகணும். கூட ரெண்டு எழுத்தை மாத்தினா மடிக்கணினியில் உட்காரும்போது விரல் குழம்பும். மூணு எழுத்து வித்தியாசத்தைத் தாங்கலாம்.

கோல்மேக் பிரியர்களுக்கு

ஆங்கிலத்துக்குக் கோல்மேக் வெச்சுக்கணும் என்றால் தாராளமா வெச்சுக்குங்க. க்வெர்ட்டியிலிருந்து 17 விசைதான் மாறுது. வெட்ட, நகலெடுக்க, ஒட்ட, மீட்க உதவுகிற நாலு குறுக்குவிசையும் பழைய இடத்திலேயே இருக்கும். டிவோரக்கில் அது சிதறிரும். ஆனா நிலைபொருளில் கோல்மேக்கை வெச்சுட்டு அதே அடுக்கில் தமிழ்99-க்குப் போனா தமிழ் எழுத்தெல்லாம் கலைஞ்சுரும். கணினி க்வெர்ட்டி எண்களைத்தான் எதிர்பார்க்குது. அதனால தமிழுக்குத் தனி அடுக்கு அவசியம்.

மொழி மாத்துகிற விசையும் அடுக்கு மாத்துகிற விசையும் ஒண்ணா இருக்கணும். கணினி இப்போ எந்த மொழியில் இருக்கு என்பது கீபோர்டுக்குத் தெரியாது. அதனால ‘அடுத்த மொழி’ என்று மாறி மாறிப் போகிற விசையை நம்பாதீங்க. ஒரு தடவை தப்பினா ரெண்டும் எதிரும் புதிருமா நின்னுரும். விண்டோஸில் தமிழுக்கு ஒரு குறுக்குவிசை, ஆங்கிலத்துக்கு ஒரு குறுக்குவிசை என்று தனித்தனியா ஒதுக்க முடியும். அதை அனுப்பிட்டு அடுக்கை மாத்தச் சொல்லுங்க.

இன்னொரு எச்சரிக்கை. நடு வரிசை விசையைத் தட்டினா எழுத்து, பிடிச்சா கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் என்கிற ஏற்பாடு ஸ்ப்ளிட் உலகத்தில் பிரபலம். வேகமா அடிக்கும்போது தட்டலைப் பிடிப்பாக எடுத்துக்காம இருக்க அவங்க வெச்ச பாதுகாப்பு இது: அடுத்த விசை அதே கையில் இருந்தா எழுத்து, எதிர்க் கையில் இருந்தா மட்டும் கன்ட்ரோல். ஆங்கிலத்துக்கு ஓரளவு சரி. தமிழ்99-ல் அடுத்த விசை பெரும்பாலும் எதிர்க் கையில்தான். த அடிச்சு உ-வுக்குப் போறதுக்குள்ள அது குறுக்குவிசையாகி எதையாவது செஞ்சு வைக்கும். தமிழின் பலமே இங்கே வில்லங்கமாகுது. தமிழ் அடுக்கில் அந்த ஏற்பாட்டை எடுத்துட்டு, ஷிஃப்ட்டைக் கட்டைவிரலுக்குக் குடுத்துருங்க. தமிழ்99-ல் ஷிஃப்ட் வேண்டியது ஆய்தத்துக்கும் ஸ, ஷ, ஜ, ஹ மாதிரி கிரந்த எழுத்துக்கும்தான். கல்வெட்டுப் பாடம் அடிக்கிறவங்களுக்குக் கிரந்தம் அடிக்கடி வரும். கட்டைவிரல் ஷிஃப்ட்டில் அதுவும் சுகமாவே வருது.

எடை போட்டுப் பார்த்தா

தமிழ்99-ன் அடிப்படைத் தீர்மானம் — உயிர் இடம், மெய் வலம், குறில் மேல நெடில், இனஎழுத்து பக்கத்தில் — இன்னிக்கும் நிக்குது. செங்குத்து வரிசைக் கீபோர்டில் முன்னைவிட நல்லா நிக்குது. வலது ஓரத்தை மட்டும் ஆங்கில நிறுத்தக்குறிக்கு விட்டுக்குடுத்தது தப்பு. அதை நம்ம கீபோர்டுக்குள்ளேயே சரிபண்ணிக்க முடியும், தரத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

தொடங்குகிறவங்களுக்கு ஒரு வரிசைமுறை: முதலில் சாதாரணக் கீபோர்டிலேயே தமிழ்99 படியுங்க. கண் பார்க்காமல் ஒரு பக்கம் அடிக்க வந்தப்புறம் ஸ்ப்ளிட்டுக்கு மாறுங்க. அடுத்ததா உங்க எழுத்தில் ஒரு பத்தியை எடுத்து, மேலே செஞ்ச மாதிரி விரல் வாரியா எண்ணுங்க. எந்த எழுத்தை நகர்த்தணும் என்று அந்த எண்ணிக்கை காட்டும். வலிக்கிற விரல் உங்களுதுதானே, கணக்கும் உங்க எழுத்தை வெச்சே இருக்கட்டும். கோல்மேக்கா டிவோரக்கா என்கிற பஞ்சாயத்தை அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.